பதினொரு உள்ளங்கைகள்

எட்டு மாதத்தில் செக்கிங் அக்கா பதினொரு பேருடைய உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்துவிட்டாள். ஜோசியம் சொல்ல அல்ல. அந்தப் பதினொரு பேரும் மணிக்கட்டில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆஸ்பத்திரி பெஞ்சிலும் பஸ் நிறுத்தத்திலும், ஒருமுறை மின்கட்டண வரிசையில் நின்ற முன்பின் தெரியாத ஆளிடமும்கூட, "தப்பா நினைக்காதீங்க, கையை ஒரு நிமிஷம் காட்டுங்க" என்று கேட்டு வாங்கிப் பார்த்தாள். வெளிச்சத்துக்குத் திருப்புவாள். தழும்பு நேராக ஓடுகிறதா, ஓரம் சுருங்கியிருக்கிறதா, தையல் போட்ட புள்ளிகள் சம இடைவெளியில் இருக்கின்றனவா என்று பார்ப்பாள். "யாரு செஞ்சது?" என்று கேட்பாள். திருப்தி இல்லையென்றால், அழுகல் பழத்தைக் கூடையிலேயே திரும்ப வைப்பதுபோல அந்தக் கையை அதன் சொந்தக்காரரிடமே விட்டுவிட்டுப் போய்விடுவாள்.

அவள் வேலை அப்படி. குழந்தைகளுக்கான ஷூ செய்யும் தொழிற்சாலையில் கடைசி மேஜை அவளுடையது. தைத்து, ஒட்டி, பளபளப்பேற்றி வருகிற ஷூவுக்குள் வலது கையை விட்டு விரல்நுனியால் ஒரு சுற்று வருவாள். உள்துணி சுருண்டிருக்கிறதா, பசை கட்டிதட்டியிருக்கிறதா, முக்கியமாக, வடிவம் வர அச்சில் வைத்து அடித்த சின்ன ஆணி எதையாவது பிடுங்காமல் விட்டிருக்கிறார்களா என்று பார்ப்பாள். ஷூவின் முன்பக்க இருட்டுக்குள் கண் போகாது, விரல்தான் போகும். சரியாக இருந்தால் உள்ளே ஏழாம் எண் முத்திரை குத்திப் பெட்டியில் அடுக்குவாள். பத்தொன்பது வருடத்தில் ஏழாம் எண் போட்ட ஷூ ஒன்றுகூடப் புகாரோடு திரும்பி வந்ததில்லை.

"சந்தேகப்படறதுக்குச் சம்பளம் வாங்கறவ நான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். அந்த வேலையை அவள் வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுகிறாள் என்பது வீட்டுக்காரரின் குறை. அவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவர். யார் என்ன கதை சொன்னாலும் நம்பிவிட்டு வருகிற மனுஷன். நாயே இல்லாத வீட்டில் "நாய் கடிக்கும், வெளியவே நில்லுங்க" என்று சொன்னாலும் நின்றுவிட்டு வருவார். இப்படிப்பட்ட இரண்டு பேர் இருபது வருடம் குப்பை கொட்டியிருக்கிறார்கள் என்றால் அது அவருடைய பொறுமைதான், சந்தேகமே வேண்டாம்.

முதலில் வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போக ஆரம்பித்தன. கெட்டியான கையுறை போட்டுக்கொண்டு தொடுவதுபோல இருந்தது. டம்ளர் கை நழுவி விழுந்தது. தூக்கத்தில் வலி வந்து எழுப்பியது. தொழிற்சாலையில் யாரிடமும் மூச்சு விடவில்லை. விரலில் உணர்ச்சி இல்லாத செக்கிங் அக்கா என்றால், சிக்னல் விளக்கு கண்ணுக்குத் தெரியாத டிரைவர் என்று அர்த்தம். அந்த நாற்காலி மறுநாளே பறிபோகும். வேறு வேலை அவளுக்குத் தெரியாது, பழகிக்கொள்ளும் வயசும் இல்லை. இதற்கெல்லாம் மேல் அவளை உலுக்கியது இன்னொன்று. அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு ஓடப்போவது ஆறு வயசுக் கால்கள். அதனால் கை பழையபடி ஆக வேண்டும், அதுவும் யாருக்கும் தெரியாமல் ஆக வேண்டும்.

முதல் டாக்டர் சின்ன வயசுக்காரர். மணிக்கட்டில் விரலால் தட்டினார், நடுவிரல் வரை சுரீரென்றது. நரம்பில் மின்சாரம் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு அனுப்பினார். காகிதத்தைப் படித்துவிட்டுச் சொன்னார்:

"மணிக்கட்டுல ஒரு குறுகலான சந்து இருக்கும்மா. நரம்பு அது வழியாத்தான் விரலுக்குப் போகுது. மேல இருக்கிற பட்டை அதை அமுக்குது. பட்டையை வெட்டி விட்டா நரம்புக்கு இடம் கிடைச்சிடும். சின்ன ஆபரேஷன்தான். ஆனா தள்ளிப் போடாதீங்க. கட்டைவிரலுக்கு அடியில சதை இளைக்க ஆரம்பிச்சிருக்கு. ஒரு மாசத்துக்குள்ள செஞ்சுக்குங்க."

ஒரு மாசத்துக்குள் என்ற வார்த்தையில் அக்காவுக்குப் பொறி தட்டியது. எதற்கு இந்த அவசரம்? இன்று மட்டும்தான் இந்த விலை என்று கூவுகிறவன் கடையில் அவள் கைக்குட்டைகூட வாங்கமாட்டாள். வெளியே பெஞ்சில் ஒரு சமையல்காரர் உட்கார்ந்திருந்தார், அதே டாக்டர் கைவைத்த கை. தழும்பு தடித்து, நடுவில் கோணிக்கொண்டு போயிருந்தது. "இது எப்படி ஆச்சுன்னா..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள் அக்கா எழுந்துவிட்டாள். கோணல் தையலுக்கு விளக்கம் எதற்கு?

"டாக்டர் சொன்னா செஞ்சுக்க வேண்டியதுதானே" என்றார் வீட்டுக்காரர்.

"உங்களுக்கென்ன, எல்லாரும் நல்லவங்க."

"அவரு எதுக்குப் பொய் சொல்லணும்?"

"எதுக்கு உண்மை சொல்லணும்? அதைச் சொல்லுங்க."

அவர் பேப்பரை விரித்துக்கொண்டார்.

இரண்டாவது டாக்டரின் அறையில் சுவர் தெரியவில்லை, அத்தனை சான்றிதழ். இவ்வளவு பலகை மாட்டி வைத்திருக்கும் இடத்தில் விஷயம் இருக்காது என்று உள்ளே நுழையும்போதே முடிவு செய்துவிட்டாள். இதுவரை எத்தனை பேருக்கு இந்த ஆபரேஷன் செய்திருக்கிறார் என்று கேட்டாள். "முந்நூறு இருக்கும்" என்றார் அவர். வெளியே வந்ததும் வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினாள். "அது என்ன முழுசா முந்நூறு? இருநூத்தித் தொண்ணூத்தி ஏழுன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்." அதைவிடப் பெரிய குற்றம், முதல் டாக்டர் சொன்னதையே இவரும் வார்த்தை மாறாமல் சொன்னது. இருவருக்கும் உள்ளுக்குள் ஏதோ ஏற்பாடு இருக்கிறது என்று அக்கா தீர்மானித்தாள். இரண்டு டாக்டர்கள் வேறு வேறு மாதிரி சொல்லியிருந்தால் இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருப்பாள். அவளிடம் ஜெயிக்க டாக்டர்களுக்கு வழியே இல்லை.

மூன்றாமவர் மணிக்கட்டில் ஒரு பட்டை மாட்டிவிட்டு ஓர் ஊசியும் போட்டார். "இது கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும், அப்புறம் ஆபரேஷன்தான்" என்றார். கத்தி பிடிக்கப் பயப்படுகிற ஆள் என்று அவரையும் கழித்தாள். ஊசி இரண்டு மாதம் வலியைத் தணித்தது. பட்டையை வீட்டில் மட்டும் போட்டுக்கொண்டாள். தொழிற்சாலைக்குப் போட்டுக்கொண்டு போனால் கையில் மணி கட்டிக்கொண்டு போவதற்குச் சமம்.

அங்கே பக்கத்து மேஜையில் புதுசு உட்கார்ந்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடமாகிறது, அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் சேர்ந்தாகிவிட்டது, ஆனாலும் பெயர் புதுசுதான். அவளுக்கும் இதே வேலை. எட்டாம் எண் முத்திரை. அதிகம் பேசமாட்டாள். அதிகம் பேசாதவர்களை அக்கா நம்புவதில்லை. அதிகம் பேசுகிறவர்களையும்தான், அது வேறு விஷயம்.

அக்கா இப்போதெல்லாம் ஆள் பார்க்காத நேரத்தில் இடது கையை விட்டுப் பார்த்தாள். ஆனால் இடது கை மெதுவாகத்தான் போகும், ஷூ குவிந்துவிடும். குவிந்ததும் மறுபடி வலது கை. மூன்று விரல் செத்திருந்தாலும் மோதிரவிரலும் சுண்டுவிரலும் இருக்கின்றனவே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒருநாள் தண்ணீர் குடித்துவிட்டு வந்தபோது, சரி பார்த்து அடுக்கிய பெட்டியில் இரண்டு ஷூக்கள் திசை மாறி இருப்பதைப் பார்த்தாள். அவள் எப்போதும் முனையை இடப்பக்கம் பார்க்க வைப்பாள். அவை வலப்பக்கம் பார்த்தன. அடுத்த வாரமும் அப்படியே. புதுசு குனிந்த தலை நிமிராமல் வேலை செய்துகொண்டிருந்தாள்.

அக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவள் மோப்பம் பிடித்துவிட்டாள். தப்பிப்போன ஷூ ஒன்று கிடைத்தால் போதும், நேராக சூப்பர்வைசரிடம் கொண்டுபோய்க் காட்டி நாற்காலியைப் பிடித்துவிடுவாள். அந்த மாதம் சூப்பர்வைசர் புதுசைத்தான் இரண்டு முறை எல்லார் எதிரிலும் ஏசினார். "உன் கணக்கு மட்டும் ஏன் தினமும் குறையுது? கை வேலை செய்யுதா, கனவு காணுதா?" புதுசு குனிந்து அடுத்த ஷூவை எடுத்தாள். அக்காவுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. நன்றாக வேண்டும் என்று நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கப்படவும் இல்லை.

பதினொன்றாவது உள்ளங்கை நூலகத்தில் கிடைத்தது. புத்தகத்தை வாங்கித் தேதி குத்திக் கொடுத்த பெண்ணின் மணிக்கட்டுக்குக் கீழே, நூல் வைத்த மாதிரி ஒரு மெல்லிய கோடு. அக்கா அந்தக் கையை விடவே இல்லை, வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். செய்தவர் ஒரு சர்ஜன் அம்மா, அவரைப் பார்க்கவே மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. காத்திருக்க வேண்டும் என்றால் சரக்கு நல்ல சரக்கு. அக்கா சந்தோஷமாகப் பெயரைப் பதிந்துவிட்டு வந்தாள்.

மூன்று மாதம் கழித்து சர்ஜன் அம்மா அவள் இரண்டு கைகளையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார். இடது கையில் கட்டைவிரலுக்கு அடியில் சதை மேடாக இருந்தது. வலது கையில் அந்த இடம் குழிந்திருந்தது. தன் கையைத் தானே இப்படிச் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லையே என்று அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"நல்ல டாக்டரைத் தேடிட்டிருந்தேன்."

"எப்படித் தேடினீங்க?"

அக்கா சொன்னாள். கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். பதினொரு கை, பதினொரு தழும்பு, கோணல், தடிப்பு, இடைவெளி எல்லாம் சொன்னாள். சர்ஜன் அம்மா சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பதினொரு பேர்ல யாரையாவது, விரல்ல உணர்ச்சி திரும்பி வந்துச்சான்னு கேட்டீங்களா?"

அக்கா பதினொரு பேரையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஒருவரைக்கூடக் கேட்கவில்லை.

"தையல் தோலுக்குத்தான். வேலை நடக்கிறது அதுக்கு உள்ள."

வேறு யாருக்காவது இதைச் சொல்லிக் கொடுக்கலாம். வெளித்தையல் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் உள்ளே கை விடாமல் ஒரு ஷூவையும் நம்பாத பெண்ணிடம் சொல்ல வேண்டியதாகிவிட்டதே. அக்காவின் காது சூடேறியது.

"செஞ்சிடலாம். வலி போயிடும். உணர்ச்சி எவ்வளவு வரும்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது. ரொம்ப லேட்டா வந்திருக்கீங்க" என்றார் சர்ஜன் அம்மா.

காது சூடு ஆறுவதற்குள் அக்காவுக்குப் பழைய புத்தி திரும்பிவிட்டது. இந்த அம்மாள் முன்கூட்டியே கை கழுவிக்கொள்கிறாள், நாளைக்கு யாரும் கேள்வி கேட்கக் கூடாது பார், என்று வீட்டுக்காரரிடம் சொன்னாள். ஆனாலும் அந்த நூல்கோடு கண்ணிலேயே இருந்தது. சம்மதித்தாள்.

ஆபரேஷன் அன்று நர்ஸ் வருவதற்குள், இடது கையால் பேனா பிடித்து, வலது மணிக்கட்டில் 'இந்தக் கை' என்று கோழி கிறுக்கியதுபோல எழுதி வைத்திருந்தாள். கையை மட்டும் மரக்க வைத்து, நடுவில் ஒரு துணியை மறைத்துக் கட்டி, கால்மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டார்கள். அந்தக் கால்மணி நேரமும் துணிக்கு அப்பால் கேட்ட ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் விளக்கம் கேட்டாள்.

வலி போயே போய்விட்டது. தையல் பிரித்த அன்று கோடு நேராக, மெல்லியதாக இருந்தது. அக்கா அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தாள். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் கையை நீட்டிக் காட்டினாள். அப்புறம் வீட்டில் ஒரு பரீட்சை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு வலது கையை நீட்டுவாள், வீட்டுக்காரர் விரல்நுனியில் ஏதாவது வைக்க வேண்டும், அவள் சொல்ல வேண்டும்.

"பட்டன்" என்பாள்.

"சரி" என்பார்.

"காசு."

"சரி."

"திருகாணி."

கொஞ்சம் நேரம் ஆகும். "சரிதான்" என்பார்.

ஒரு மாதம் தினமும் சாயங்காலம் இந்தப் பரீட்சை நடந்தது, ஒன்றுகூடத் தவறவில்லை. டாக்டர்களையும் தழும்புகளையும் புதுசையும் சந்தேகப்பட்ட அக்கா, கண்ணை மூடிக்கொண்டு கேட்ட அந்தச் 'சரி'யை ஒருநாளும் சந்தேகப்படவில்லை. பொய் சொல்லத் தெரியாத மனுஷன் என்பது இருபது வருடமாக அவளே கொடுத்துவரும் பட்டம்.

ஆறு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். வயிற்றில் கட்டி என்று சொல்லி லீவு போட்டிருந்தாள், முழுக்கைச் சட்டை போட்டுத் தழும்பை மறைத்துக்கொண்டாள். முதல் வாரத்திலேயே பெட்டியில் ஷூக்கள் மறுபடி திசை மாறி இருந்தன. இந்தமுறை சும்மா விடுவதாக இல்லை.

பொறி வைத்தாள். ஒரு நல்ல ஷூவை எடுத்து, முன்பக்கம் உள்ளே, தானே ஒரு சிற்றாணியின் நுனி தெரியும்படி செருகினாள். ஏழாம் எண் முத்திரை குத்தினாள். குதிகாலுக்கு அடியில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். அதைப் பெட்டியின் மூன்றாம் வரிசையில் அடுக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து, அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால் நின்றாள். புதுசு அதைத் தூக்கிக்கொண்டு சூப்பர்வைசரிடம் ஓடட்டும். பின்னாலேயே போய், புள்ளியைக் காட்டி, இது நான் வைத்தது, இவள் என் பெட்டியைத் திருட்டுத்தனமாகப் பார்க்கிறாள் என்று எல்லார் முன்னாலும் கிழித்துவிடலாம்.

புதுசு இரண்டு பக்கமும் பார்த்தாள். அக்காவின் பெட்டியை இழுத்தாள். ஷூ ஷூவாக உள்ளே கை விட்டுக்கொண்டே வந்தாள், அவ்வளவு வேகம், அவ்வளவு சுத்தம். மூன்றாம் வரிசையில் நிறுத்தினாள். புள்ளி வைத்த ஷூ வெளியே வந்தது. சூப்பர்வைசர் பக்கம் திரும்பக்கூட இல்லை, தன் மேஜைக்கு அடியில் கழிவு ஷூ போடும் கூடையில் அதை வைத்தாள். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் நான்காம் வரிசையிலிருந்து இன்னொரு ஷூ வெளியே வந்தது. கடைசி வரிசையிலிருந்து இன்னொன்று.

அக்கா வைத்தது ஒன்றுதான்.

"என் பெட்டியில உனக்கென்ன வேலை?" அக்கா அடுக்குக்குப் பின்னாலிருந்து வந்தாள்.

புதுசு திடுக்கிடவில்லை. மெதுவாக நிமிர்ந்தாள். அக்கா கூடையிலிருந்து புள்ளி இல்லாத இரண்டு ஷூக்களையும் எடுத்து, ஒன்றுக்குள் வலது கையை விட்டு ஒரு சுற்று வந்தாள். வழவழவென்று இருந்தது. அடுத்ததும் அப்படியே.

"ஒண்ணுமே இல்லையே. நல்ல ஷூவை எடுத்து வெச்சு என்னை மாட்டிவிடப் பாக்கறியா?"

"இடது கையை விடுங்கக்கா."

அக்கா முறைத்தாள். விட்டாள். முன்பக்கத்து இருட்டில், பெருவிரல் வந்து இடிக்கிற இடத்தில், ஆணி நுனி சுருக்கென்று குத்தியது. இன்னொன்றில் பசை உறைந்து, உடைந்த கண்ணாடி ஓரம் மாதிரி நின்றது. அந்த இரண்டையும் அவளுடைய வலது கை இப்போதுதான் தடவிவிட்டு வந்திருக்கிறது.

கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தாள். "எத்தனை நாளா?" என்று கேட்டுவிட்டாள்.

"நீங்க லீவுல போறதுக்கு அஞ்சு மாசம் முன்னாடியிலேருந்து. வலது கைக்காரங்க இடது கையை விடறதைப் பார்த்தேன். சரி, என்னமோ இருக்குன்னு..." புதுசு குரலைத் தாழ்த்தினாள். "பயப்படாதீங்க. நான் பாக்காம ஒண்ணும் வெளிய போகல."

அப்படியானால் அவள் கணக்கு தினமும் குறைந்தது இதனால்தான். இரண்டு பேர் ஷூவை ஒருத்தி பார்த்தால் குறையாமல் என்ன செய்யும்? எல்லார் எதிரிலும் வாங்கிய திட்டும் இதற்காகத்தான். அப்போதும் அக்காவின் வாயில் ஒரு குற்றச்சாட்டுதான் வந்தது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

அந்தச் சின்ன வயசு டாக்டரும் சொன்னார். சான்றிதழ்க்காரர் வார்த்தை மாறாமல் சொன்னார். சர்ஜன் அம்மாவும் முகத்துக்கு நேரே சொன்னார். அவள் நம்பிய ஒரே ஆள் வீட்டில் சாயங்காலம் எதிரே உட்கார்ந்து, அவள் கையில் எதை வைத்தாரோ, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அவள் எதைச் சொன்னாலும் சரி சரி என்றார். பாவம் மனுஷன், அவர் வேறு என்ன சொல்வார்.

ஷிப்டு முடியும் சங்கு ஊதியது. சூப்பர்வைசர் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். புதுசு காலால் கூடையை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல உட்கார்ந்தாள். அக்கா சும்மா இருந்தால் போதும். நாளைக்கும் அவள் பார்ப்பாள், அடுத்த மாதமும் பார்ப்பாள், திட்டும் வாங்கிக்கொள்வாள். நாற்காலி எங்கும் போகாது.

"என்னக்கா, உடம்பு தேவலையா? பெட்டியை எடுத்துக்கட்டுமா?" என்றார் சூப்பர்வைசர்.

"எடுக்காதீங்க."

"ஏன், இன்னும் பாக்கலையா?"

"பார்த்தேன். என் கை பார்த்துச்சு." அக்கா முழுக்கைச் சட்டையை முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டாள். "என் கையை நம்பாதீங்க. அதுக்கு ஒண்ணும் தெரியல. ஒரு வருஷமாவே சரியாத் தெரியல. இந்தப் பொண்ணுதான் எனக்கும் சேர்த்துப் பார்த்திட்டிருந்திருக்கு."

வண்டி நின்றது. பக்கத்து வரிசைகளில் கிளம்பிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா யாரையும் பார்க்கவில்லை. பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, முதல் ஷூவை எடுத்து, அதற்குள் கையை விடாமல் புதுசிடம் நீட்டினாள்.